பட்டா வேண்டாம் என்றவர்

செய்தி தண்ணீர் வழியாக வந்தது. ரங்கூன் போட்டாதாங் படகுத்துறையில், கிடங்கு வாசலில் கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். இப்போது அங்கே காவல் இருப்பதுதான் என் வேலை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் த்வாண்டேயிலிருந்து சட்டிபானை ஏற்றிவரும் படகு வந்து அணைந்தது. எப்போதும் அதில் பானைக்காரி டோ சேனுடைய மருமகன்தான் வருவான். அன்று அவளே இறங்கினாள். வாயில் சுருட்டு இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே கிடையாது. அன்று சுருட்டு இல்லை.

"ஸயா போயிட்டார்," என்றாள் பர்மா பாஷையில். ஸயா என்றால் அவர்களுக்கு வாத்தியாரும் ஆகும், வைத்தியரும் ஆகும்.

"எங்கே போயிட்டார்?" என்று கேட்டேன். என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. என்னைப் பார்க்க வந்திருப்பாரோ என்று படகுக்குள் எட்டிப் பார்த்தேன். வைக்கோலுக்கு நடுவே பானைகள்தான் இருந்தன.

அவள் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "காய்ச்சல். உங்களுக்குச் சொல்லி அனுப்பறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. உங்க ஜனங்க வழக்கம் என்னன்னு கேட்க அங்க ஒருத்தரும் இல்ல. எங்களுக்குத் தெரிஞ்சபடி பண்ணிட்டோம். தப்பா?"

தப்பில்லை என்றேன். அதற்குமேல் அந்தப் பாஷையில் எனக்கு ஒன்றும் வரவில்லை. மனைவியோடு முப்பது வருஷத்துக்கு மேல் அதே பாஷையில் குடித்தனம் நடத்தியவன் நான். இருந்தாலும் அன்று வரவில்லை.

டாக்டர் தணிகாசலத்தை அறிந்தவர்கள் இந்தத் துறையிலும் லத்தா கடைத்தெருவிலும் காலேஜிலும் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, வாசகசாலைக் காரியதரிசி எழுதுகிறார். என் பேச்சு அவர் கையில் வெளுத்து மடித்து வரும். நடந்தது நடந்தபடியே இருக்கும்.

பெரிய சண்டை முடிந்த பிறகு அவர் ஐரோப்பாவிலிருந்து ரங்கூனுக்கு வந்தார். காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கும் வேலை. மூட்டை தூக்கி முதுகு போன என்னை யாரோ பரிதாபப்பட்டு அங்கே ஏவலாளாகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அவர் தங்கியிருந்த வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். அதில் டாக்டர் என்று போட்டிருப்பதாகத் துறை முழுக்கப் பேச்சாயிற்று. மறுநாளே கூட்டம். இருமல்காரன், சிரங்குக்காரன், பிரசவத் தேதி கேட்கிறவள். துறையில் பளுத்தூக்கி யந்திரம் ஓட்டுகிற மாரிமுத்து கன்னம் வீங்கி வந்து நின்றான்.

"நான் அந்த டாக்டர் இல்லப்பா. பல்லு பார்க்கத் தெரியாது."

"அப்ப எந்த உறுப்பு பார்ப்பீங்க?"

"ஒரு உறுப்பும் பார்க்க மாட்டேன். அரிசித் தவிட்டைப் பத்திப் படிச்சேன். படிச்சதுக்கு டாக்டர்னு பட்டம் கொடுத்தாங்க."

மாரிமுத்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தான். "கப்பல் ஏறி அவ்வளவு தூரம் போயி தவிட்டைப் பத்தியா படிச்சீங்க? எங்க ஊர்ல எருமை அதைப் படிக்காமலே திங்குதே!"

கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். மாரிமுத்துவை ரிக்‌ஷாவில் ஏற்றி நிஜமான பல் வைத்தியரிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் தவிட்டு டாக்டர் ஆனார்.

தவிட்டு மூட்டையை ஆற்றோர அரிசி மில்லிலிருந்து காலேஜுக்குக் கொண்டுவருவது என் வேலை. ஒருநாள் அவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்: "பன்னிக்குப் போடறதைக் காலேஜுக்குக் கொண்டுபோறியான்னு மில்லுல கேலி பண்றாங்க, ஐயா."

"அரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கி நாம சாப்பிடறோம், பெரியவரே. அதோட உசிரு தவிட்டுல போயிடுது. அதைப் பன்னி சாப்பிடுது. அதனாலதான் பன்னி திடமா இருக்கு, நம்ம ஜனத்துக்குக் காலு வீங்குது."

"அந்த உசிரை வெளியே எடுக்க முடியுமாங்க?"

"முடியும். நானும் எங்க புரொபசரும் சேர்ந்து எடுத்தோம். ஆனா இங்க நான் எடுக்கக் கூடாது. அதுக்குப் பேட்டண்ட் இருக்கு."

எனக்கு அந்தச் சொல் புதிது. காதில் விழுந்தபடி எடுத்துக்கொண்டேன். "எந்த ஊரு நிலத்துக்குப் பட்டா, ஐயா?"

அவர் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "சரியாத்தான் சொன்னீங்க. பட்டாதான். நிலத்துக்கு இல்ல, யோசனைக்கு."

"யோசனைக்கு எப்படிங்க எல்லைக் கல்லு நடுவாங்க?"

"வார்த்தையால நடுவாங்க. நாலு பக்கமும் வார்த்தை. தாண்டினா வழக்கு."

"உழுதது நீங்கதானே? பட்டா உங்க பேர்லதானே இருக்கும்?"

"உழுதது நானும் புரொபசரும். பட்டா மருந்துக் கம்பெனி பேர்ல."

அன்றிலிருந்து எங்கள் இருவருக்குள் அந்தச் சொல் பட்டாதான். வேறு யாரிடமும் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

அவர் படித்த ஊரைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஊர் முழுக்கக் கால்வாயாம். குளிர்காலத்தில் தண்ணீர் கல்லாக உறைந்து, அதன்மேல் ஆட்கள் நடந்து சந்தைக்குப் போவார்களாம். அந்தச் சர்வகலாசாலையில் அவர் ஒருவர்தான் தமிழர். முதல் குளிருக்கு புரொபசர் தம்முடைய கம்பளிக் கோட்டையே கழற்றிக் கொடுத்தாராம். "கெட்டவர் இல்ல பெரியவரே. அவரை யாரும் கெட்டவர்னு சொல்லிடக் கூடாது," என்பார். நான் கேட்காதபோதும் சொல்வார்.

"கண்டுபிடிச்சது அந்த ரூம்லயே கிடந்தா யாருக்கு என்ன பிரயோஜனம்? பெரிய அளவுல பண்ணத் தொழிற்சாலை வேணும். பட்டா இல்லாத நிலத்துல எவன் வந்து வீடு கட்டுவான்? அதனால பட்டா வாங்கினாங்க. கம்பெனி பணம் போட்டுச்சு. அதுல தப்பே இல்ல."

"அப்புறம் எதுல தப்பு?"

"கடைசி வரியில. இனிமே நான் எங்க போனாலும், இதுல என்ன திருத்தம் பண்ணினாலும், என்ன புதுசா சேர்த்தாலும், அதுவும் அவங்களுக்கே சேரும்னு ஒரு வரி. கையெழுத்துப் போடறப்ப எனக்கு ஊருக்கு வர்ற அவசரம். புரொபசர் நீட்டினார், போட்டேன்."

நானும் ஊரில் ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி நீட்டிய காகிதத்தில் பெருவிரலை அழுத்திவிட்டுக் கப்பல் ஏறியவன்தான். அதைச் சொன்னேன். அவர், "நீங்க கைநாட்டு, நான் கையெழுத்து. ரெண்டு பேருமே படிக்காமத்தான் கப்பல் ஏறியிருக்கோம்," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை உட்காரச் சொல்லாமல் பேசியதில்லை.

ரங்கூனுக்கு வந்த பிறகு அவர் புதிதாக ஒன்று கண்டார். ஐரோப்பாவில் அந்த மருந்தை எடுக்கச் சாராயம் வேண்டும், காற்றை உறிஞ்சும் யந்திரம் வேண்டும், கண்ணாடிச் சாமான் வேண்டும். வெறும் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் சூட்டில் மருந்தின் பலம் போய்விடும். புளித்தண்ணீரில் காய்ச்சினால் போகவில்லை. புளிப்பு அதைக் காத்துக்கொடுத்தது. இரும்புப் பாத்திரம் புளிக்கு ஆகாது என்பதால் மண்சட்டி. அவ்வளவுதான் சங்கதி. தவிடு, புளி, சட்டி, அடுப்பு. எந்த வீட்டிலும் செய்துவிடலாம். கண்டுபிடித்த அன்று சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"இதுவும் கடைசி வரிக்குள்ள வந்துடுச்சு, பெரியவரே," என்றார்.

வாயைத் திறந்து ஒருவருக்கும் சொல்லக் கூடாது. புரொபசருக்கும் கம்பெனிக்கும் மட்டும் எழுத வேண்டும். எழுத உட்காருவார், எழுந்துவிடுவார். அந்தச் சட்டி அவருடைய அறையில் மூலையில் மூடிக் கிடந்தது.

என் மகள் மரகதத்தை உங்களில் பலருக்குத் தெரியும். அவளுடைய தாய் வைத்த பெயர் மா மியா. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். அவளைக் கட்டியவன் கோ பா, சம்பான் படகு ஓட்டுகிறவன். முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டன. கொழுகொழு என்றிருக்கும் பிள்ளை திடீரென்று பால் குடிக்காது, மூச்சு வாங்கும், பிறகு அழும். அழுகிற வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. பேய் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறது என்று அண்டைவீட்டார் சொன்னார்கள். மூன்றாவது பிள்ளைக்கும் அதே மாதம் வந்தது. ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது தொட்டிலைப் பார்த்தேன். பேரன் வாய் நிறையத் திறந்து அழுதுகொண்டிருந்தான். வீடு நிசப்தமாக இருந்தது.

பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அங்கிருந்த டாக்டர் நல்லவர். பெரியவர்களுக்குக் கால் வீங்குகிற அதே நோய்தான் என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனி அனுப்புகிற சீசா மருந்துதான் வேண்டும் என்று ஊரிலுள்ள மருந்துக் கடைக்கெல்லாம் ஆள் அனுப்பினார். எங்கும் இல்லை. அடுத்த கப்பலில் வரலாம் என்றார்கள்.

நான் காலேஜுக்கு ஓடினேன். டாக்டர் தணிகாசலம் பாடம் முடித்து வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, பேரப்பிள்ளை அழறான். சத்தம் வரல."

எத்தனையோ பேரிடம் "நான் அந்த டாக்டர் இல்லை" என்று சொன்னவர், என்னிடமும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்லவில்லை. என்னோடு அறைக்கு வந்து மூலையில் இருந்த சட்டியைப் பார்த்தபடி நின்றார். நான் கதவருகே நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும்; அந்தச் சட்டிக்கு எல்லைக் கல் எங்கே நட்டிருக்கிறது என்பதும் தெரியும். அதனால் நான் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அவர் எனக்காகச் செய்ததாகிவிடும்.

"இதுல கை வச்சா, அந்தக் கோட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கை மீறினவன் நான்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மீறினவனாவே இருந்துட்டுப் போறேன். அடுப்பை மூட்டுங்க," என்றார்.

தேன்போலச் சுண்டி, கறுப்பாக இருந்தது மருந்து. மரகதம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். டாக்டர் பஞ்சில் தோய்த்துச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டார். புளிப்புத் தாங்காமல் பேரன் முகத்தைச் சுளித்தான். அவன் அசைந்ததே அதுதான். டாக்டர் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரவே இல்லை. பொழுது சாயும் முன் தொட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது; துருப்பிடித்த கீல் திறப்பது போல, அசிங்கமான சத்தம். மறுபடி வந்தது. மரகதம் என்னைப் பார்த்து, "அபே, கேட்டுதா? அபே!" என்று கத்தினாள். அபே என்றால் அப்பா. கோ பா துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

வாசலிலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்: "என்ன பெரியவரே, இந்தக் கத்து கத்துறான்? உங்க பரம்பரையா?"

போகும்போது மரகதத்திடம், "வெறும் சோறும் உப்பும் தின்னுட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தா பால்ல என்னம்மா இருக்கும்?" என்று கேட்டார். பிள்ளை பெற்றவள் அதைத் தவிர எதைத் தின்றாலும் ஆகாது என்பது அங்கே வழக்கம். மரகதம் அன்றே மருத்துவச்சியோடு சண்டை போட்டாள்.

அதற்குப் பிறகு பர்மாக்காரப் பெண்கள், எங்கள் பெண்கள், சூலியாத் தெரு முஸ்லிம் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வந்தார்கள். அவர் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. சேதி கம்பெனியின் ரங்கூன் ஏஜெண்டு துரைக்குப் போய்விட்டது. துரை வந்து மரியாதையாகத்தான் பேசினார்; தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. அவர் போன பிறகு கேட்டேன்.

"என்னங்க சொல்றான்?"

"நான் கண்டுபிடிச்சதை நானே திருடிட்டேங்கிறான்."

துரை கேட்டது இதுதான்: புதிய வழியை எழுதி அடுத்த கப்பலில் அனுப்ப வேண்டும். அவர்கள் அதற்கும் பட்டா பதிந்து, தொழிற்சாலையில் செய்து, சீசாவில் அடைத்து அனுப்புவார்கள். அதுவரை இங்கே யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. இதற்கெல்லாம் எவ்வளவு காலமாகும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று வருஷம் ஆகலாமாம். "நல்ல சீசா, சுத்தமான மருந்து, சீரான அளவு. அவன் சொல்றதும் பொய்யில்ல," என்றார் டாக்டர். "ஆனா மூணு வருஷத்துல எத்தனை தொட்டிலு?"

அன்று மாலையே வக்கீல் சம்பந்தம் வீட்டுக்குப் போனோம். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"டாக்டர், புதுசா இருந்தாத்தான் பேட்டண்ட் கொடுப்பான். ஊருக்கே தெரிஞ்சுபோன காரியத்துக்கு எந்த சர்க்காரும் கொடுக்காது. அவங்க பதியறதுக்கு முந்தி நீங்க கடைத்தெருவுல போட்டு உடைச்சிட்டா, அதுக்கப்புறம் அது எவனுக்கும் சொந்தமில்ல. உங்களுக்கும் இல்ல. ஆனா நீங்க ஒப்பந்தம் மீறினவர். வழக்குப் போடுவானோ மாட்டானோ, ஐரோப்பாவுல எந்தச் சர்வகலாசாலையிலயும் இனிமே உங்களைப் படியேற விடமாட்டான். நல்லா யோசிச்சுக்குங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, பட்டா போட முடியாத நிலத்துக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?"

"புறம்போக்குங்க."

"அதுல என்ன நடக்கும்?"

"ஆடு மாடு மேயும். சந்தை கூடும். வர்றவன் போறவன் வண்டியை அவிழ்த்துப்போட்டுப் படுப்பான்."

"அவ்வளவுதான், சம்பந்தம். இதைப் புறம்போக்கு ஆக்கிடறேன்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளைக்கு ஊர்ல உங்களையே அந்தப் பேரைச் சொல்லித்தான்யா கூப்பிடுவாங்க!"

"கூப்பிடட்டுமே."

பத்திரிகையில் எழுதலாம் என்றார் வக்கீல். படிக்கத் தெரியாத தாய்க்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்று டாக்டர் கேட்டார். என்னைப் பார்க்காமல்தான் கேட்டார். அந்த நாசூக்கு அவருக்கு உண்டு. மறுநாள் த்வாண்டேக்குப் படகு ஏறினோம். டோ சேன் வீட்டு முற்றத்தில் ஈரச் சட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. டாக்டர் குந்தி உட்கார்ந்து, ஒரு சட்டிக்குள் கையை விட்டு, உட்சுவரில் பெருவிரலால் மூன்று இடத்தில் அழுத்தினார். நடுக் குழி வரை தவிடு. மேல் குழி வரை புளித்தண்ணீர். ஊறவைத்து வடிகட்டி, கீழ்க் குழிக்கு வரும்வரை சுண்டக் காய்ச்ச வேண்டும். எழுத்தே வேண்டாம்.

டோ சேன் சுருட்டை எடுத்துவிட்டுக் கூச்சல் போட்டாள். "ஸயா! என் சட்டியைக் கெடுக்கிறீங்க! குழி விழுந்த சட்டியை எவ வாங்குவா?"

"குழிக்காகத்தான் வாங்குவாங்க."

"உங்க காலேஜுல இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறாங்களா? களிமண்ணுல விரலை விடறதை எங்க வீட்டுப் பிள்ளைங்க தவழறப்பவே பண்ணும்!"

ஆனாலும் முற்றத்துச் சட்டிகளுக்கெல்லாம் அவரையே குழி வைக்க விட்டு, ஒரு சூளை முழுக்கச் சுட்டுக் கொடுத்தாள். லத்தா கடைத்தெருவில், மீன்காரிகளுக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவே, சாக்கு விரித்துச் சட்டிகளை அடுக்கினோம். வக்கீல் சம்பந்தமும் சாட்சியாக வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மரகதம் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தவிடு எதுவரை, தண்ணீர் எதுவரை என்று பர்மா பாஷையில் உரக்கச் சொன்னாள். வெயிலில் பேரன் அலற ஆரம்பித்தான். அவள் சமாதானப்படுத்தப் பார்த்தாள்.

"அழட்டும்மா, விடு. நமக்கு அதைவிட விளம்பரம் வேணுமா?" என்றார் டாக்டர்.

சூரியன் சாய்வதற்குள் சட்டி தீர்ந்துவிட்டது. அடுத்த சந்தைக்கு வேறு பானைக்காரர்களும் குழி போட்டுக் கொண்டுவந்தார்கள். டாக்டர் எனக்கு அதைச் சுட்டிக்காட்டி, "போச்சு பெரியவரே. இனிமே என்னாலயும் நிறுத்த முடியாது," என்றார். ஜெயித்தவர் முகம் மாதிரியும் இருந்தது, எதையோ ஆற்றில் தவறவிட்டவர் முகம் மாதிரியும் இருந்தது.

கம்பெனி வழக்குப் போடவில்லை. காலேஜில் மறு வருஷத்துக்கு அவர் பெயரைச் சேர்க்கவில்லை. யார் சொல்லி அப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்ல மாட்டேன். புரொபசரிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு வரியும் வரவில்லை. கம்பெனியின் கோபத்தைப் பற்றி டாக்டர் ஒருநாளும் பேசியதில்லை. அந்த ஒருவருடைய மௌனம்தான் அவரை அறுத்தது. சீமைத் தபால் கப்பல் வரும் நாளில் அவர் துறைமுகத்தை ஒட்டிய ஸ்ட்ராண்ட் ரோடு பக்கமே வரமாட்டார். சுற்றிக்கொண்டு போவார்.

வக்கீல் சொன்னபடியே ஆயிற்று. சட்டி விஷயம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் புறம்போக்கு டாக்டர் என்றார்கள். நம் ஊர்ப் பேச்சில் அது எப்படிப்பட்ட வசவு என்று உங்களுக்குத் தெரியும். மாரிமுத்து ஒருநாள் சாயாக்கடையில் அவர் எதிரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "சரியான பேருதாண்டா. வந்து உட்காரு," என்றார் அவர்.

பிறகு த்வாண்டேக்கே குடிபோனார். டோ சேன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை. சூளைக்கு மண் பதம் பார்ப்பதும், வருகிற தாய்மார்களுக்குச் சட்டியைக் காட்டிச் சொல்வதும்தான் அவர் வேலை. ஊரில் மனைவி இருந்தாள். அவள் கடல் தாண்ட இஷ்டப்படவில்லை. அவளைப் பற்றி அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு ஓய்வு கிடைக்கும்போது படகு ஏறிப் போவேன். கால்வாய்க் கரையில் உட்கார்ந்து தமிழில் பேசுவோம். பெரிதாக ஒன்றும் இல்லை. புளி விலை, மழை, யாருக்கு யார் மாமன் முறை, இதுதான். சில சமயம் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கால்வாய் உறையாது. உறைஞ்சா நடந்தே அக்கரைக்குப் போயிடலாம்," என்பார். எந்த அக்கரை என்று நான் கேட்க மாட்டேன்.

கடைசியாகப் பார்த்தபோது கேட்டேன், "நான் வராத நாள்ல யாரோட ஐயா பேசுவீங்க?"

"பானையோட பேசுவேன். வாய் அகலமான பானையா பார்த்துப் பேசினா, திருப்பிப் பேசும்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். படகு ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர் கரையிலேயே நின்றிருந்தார். வழக்கமாகக் கை அசைப்பார். அன்று அசைக்க மறந்துவிட்டார், அல்லது எனக்குத்தான் தெரியவில்லை.

சேதி வந்த அன்று டோ சேனுடனே த்வாண்டேக்குப் போனேன். அறையில் பாய், ஒரு விளக்கு, தேய்ந்த செருப்பு. சுவரில் ஆணியில் ஒரு கனத்த கம்பளிக் கோட்டு தொங்கியது. ரங்கூன் வெயிலில் அதை யாரும் போட முடியாது. அது யாருடைய கோட்டு என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். டோ சேன் அதை வெயிலில் உலர்த்தி மடித்து வைக்கட்டுமா என்று கேட்டாள். ஆணியிலேயே இருக்கட்டும் என்றேன்.

அவருடைய சாம்பலைக் கரைத்த இடத்தைக் காட்டினார்கள். கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் யாரோ ஒரு பெண் குழிச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை. அவளுக்கு டாக்டரைத் தெரியவில்லை. வேறு ஊர்க்காரி, வாழ்க்கைப்பட்டு வந்தவள். சட்டியில் எதற்குக் குழி என்று கேட்டேன். சட்டி என்றால் குழி இருக்குமே என்றாள்.

வீட்டுக்கு வந்து மரகதத்திடம் சொன்னேன். அவள் அழுதாள். பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். வாய் ஓயாத பிள்ளை, தெருமுனையில் பேசினால் வீட்டுக்குள் கேட்கும். உனக்குத் தொண்டையைத் திறந்துவிட்ட மனிதர் போய்விட்டார் என்று அவனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன். அவர் பெரிய ஸயாவா என்று கேட்டான். புறம்போக்கு என்பதற்கு அந்தப் பாஷையில் என்ன சொல்வது என்று தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு சட்டி. டோ சேனிடம் கேட்டு வாங்கி வந்தேன். முதல்நாள் அவர் தாமே விரல் வைத்த சட்டிகளில் மிஞ்சியது அது ஒன்றுதான். இப்போது சந்தைக்கு வருகிறவற்றில் எல்லாம் வேறு வேறு கைகள். டோ சேன் மகளுடைய விரல் சிறியது, மருமகனுடையது அகலம். இதில் இருப்பது அவருடைய பெருவிரல். ரேகைகூடச் சூளையில் சுட்டு நிற்கிறது. அவர் வாழ்நாளில் யோசித்துப் போட்ட கையெழுத்து இதுதான். எழுத்தறியாத எனக்குப் படிக்க முடிந்ததும் இது ஒன்றுதான்.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் சட்டிக்குள் கையை விட்டு அந்தக் குழியில் என் விரலை வைக்கிறேன். என் விரல் தடித்தது, முழுக்கப் படியவில்லை. பிறகு சட்டியின் வாய்ப்பக்கம் குனிந்து, புளி விலையும் மழையும் சொல்கிறேன். தமிழில்தான் சொல்கிறேன். அவர் சொன்னது பொய்யில்லை. வாய் அகலமான சட்டி, திருப்பிப் பேசுகிறது. ஆனால் என் குரலில்தான் பேசுகிறது.